அந்த டப்பாவை ஏன் வாங்காதே என்கிறேன்

போன வாரம் இரவு பத்தரை மணிக்கு விருதுநகரிலிருந்து என் சித்தி மகள் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பச்சை மூடி போட்ட டப்பா, மேலே இலை படம், எடை குறைக்கிற கேப்ஸ்யூல் அறுபது, கூடவே ஒரு டீ பாக்கெட் இலவசம். "அக்கா, நீ வாங்குனது இதுதானே? எங்க வாங்குன? ஹெர்பல்னுதான் போட்டிருக்கு" என்று கீழே கேட்டிருந்தாள். நான் மெலிந்திருப்பதை வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தாள், நான் முன்பு அந்த டப்பாவை வாங்கியதும் அவளுக்குத் தெரியும், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். "வேண்டாம்" என்று மட்டும் பதில் போட்டேன். அப்புறம் படுத்த பிறகு அந்த ஒரு வார்த்தை போதாது என்று தோன்றியது. என்ன நடந்தது என்று முழுதாகச் சொன்னால்தான் அவள் கேட்பாள்.

எனக்கு 41 வயது, உயரம் 155 சென்டிமீட்டர். போன ஐப்பசியில் எடை 82.6 கிலோ, இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். மதுரையில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கும் டீக்கும் எழுந்திருப்பதோடு சரி. அம்மா பன்னிரண்டு வருடமாக இன்சுலின் போடுகிறார்கள், ஊசியை எடுத்துக் கொடுப்பது நான்தான். அதனால் என்னுடைய மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தபோது, அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி, 6.5 வந்தால் உள்ளே போய்விட்டோம்.

அந்தப் பயத்தில்தான் டப்பாவை வாங்கினேன். 2,499 ரூபாய். இதைப் படிப்பவர்கள் யாரும் அவசரப்பட்டு இப்படிப்பட்டதை வாங்குகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடாதீர்கள். பயம் வந்தவர்கள் கைக்கு எது முதலில் எட்டுகிறதோ அதைப் பிடிப்பார்கள், அன்று இரவு என் கைக்கு எட்டியது போனில் வந்த ஒரு விளம்பரம்.

காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கேப்ஸ்யூல், இரவில் அந்த டீ. முதல் வாரம் 1.8 கிலோ குறைந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! தினமும் மூன்று நான்கு முறை வயிற்றுப்போக்கு, அதைக் கழிவு வெளியேறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் அலுவலகத்தில் பேனா பிடித்த கை நடுங்கியது. பதினோராம் நாள் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து எழுந்தேன், வீட்டில் அம்மாவுக்காக வாங்கி வைத்திருந்த பிரஷர் மெஷினில் நாடித்துடிப்பு 124 காட்டியது. கணவர் வண்டியில் வைத்துப் பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது, குளுக்கோஸ் ஏற்றி விடியும்வரை வைத்திருந்தார்கள். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அதுவரை நான் அந்தப் பொடி எழுத்தைப் படித்ததே இல்லை.

கொடம்புளிச் சாறு, கிரீன் டீ சாறு, கஃபீன். மூன்றும் சேர்ந்து 900 மில்லிகிராம் என்று இருந்ததே தவிர எது எவ்வளவு என்று இல்லை. டீ பாக்கெட்டில் முதல் பொருள் சென்னா இலை. சென்னா என்றால் நம் நிலாவாரைதான், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டில் விளைந்து 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரிலேயே உலகம் முழுக்கப் போகிறதே, அது. நல்ல பேதி மருந்து. ஆனால் அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உடம்பில் சேர்ந்துவிடும். நான் இழந்த 1.8 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர், அந்தத் தண்ணீரோடு பொட்டாசியமும் போயிருக்கிறது. கொடம்புளியை நாகர்கோவில் பக்கம் மீன் குழம்பில் போடுவார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. எடைக்கு உதவுமா என்றால், 1998-ல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள், கொடம்புளிச் சாறு எடுத்தவர்களுக்கும் வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என் நெஞ்சை அடிக்க வைத்தது எந்தப் பொருள் என்று டாக்டரம்மாவால் அடித்துச் சொல்ல முடியவில்லை. லேபிளில் அளவே இல்லாதபோது அவர் எப்படிச் சொல்வார்?

'ஹெர்பல்' என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் தங்கச்சி தைரியமாகிறாள், நானும் அப்படித்தான் ஆனேன். சிபுட்ராமின் என்று ஒரு பசி அடக்கும் மாத்திரை இருந்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையை நிறுத்தினார்கள், 2011-ல் இந்தியாவிலும் தடை வந்தது. அதற்குப் பிறகும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த எத்தனையோ 'மூலிகை' எடைக்குறைப்புப் பொருள்களில், லேபிளில் பெயரே இல்லாமல் இந்தச் சிபுட்ராமின் கலந்திருந்தது. இலை படம் போட்ட டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

கொழுப்பை நிஜமாகவே எரிக்கிற மருந்தும் ஒன்று உண்டு, அதன் கதையைத் தேடிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் உலகப் போரில் பிரான்ஸின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தார்கள், உடம்பு கொதித்தது, சிலர் இறந்தே போனார்கள். 1933-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதையே எடை குறைக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டிலிருந்து செல் எடுக்கும் சக்தியை வேலைக்கு விடாமல் வெறும் சூடாக வெளியேற்றிவிடும், அதுதான் அது செய்யும் காரியம். எடை மளமளவென்று குறைந்தது. கூடவே பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் உடம்புச் சூடு ஏறி ஏறி அப்படியே இறந்தார்கள், முறிவு மருந்து எதுவும் கிடையாது. 1938-ல் அமெரிக்காவில் இது மனிதர் உட்கொள்ளக் கூடாதது என்று ஒதுக்கப்பட்டது. இன்றும் இணையத்தில் திருட்டுத்தனமாக விற்கிறார்கள், வாங்கிச் சாப்பிட்டு இளம்பிள்ளைகள் சாகிறார்கள்.

மருந்து என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசிகள் 2025-ல் எடைக் குறைப்புக்காக இந்தியாவுக்கு வந்திருக்கின்றன, அவை ஒழுங்காக ஆராயப்பட்ட மருந்துகள், பசியைக் குறைத்து வேலை செய்பவை, டாக்டர் சீட்டோடு டாக்டர் கண்காணிப்பில் எடுக்க வேண்டியவை. சிலருக்கு அவை கட்டாயம் தேவைப்படும். எனக்கே பின்னால் தேவைப்படலாம் என்று டாக்டரம்மா சொன்னார், கூடவே ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஆய்வு இருக்கிறது என்றும் சொன்னார். ஆக, ஊசி போட்டாலும் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்துதான் ஆக வேண்டும். அப்படியென்றால் அதிலிருந்தே ஆரம்பித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

அன்று விடியற்காலையில் அவர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது. "ஒரு நாளைக்கு என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றார். "கொஞ்சம்தான் சாப்பிடுறேன் டாக்டர்" என்றேன். "கொஞ்சம்னா எவ்வளவுன்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்க. எதையும் குறைக்காதீங்க, எழுத மட்டும் செய்யுங்க" என்றார். தைராய்டு டெஸ்டும் எழுதிக் கொடுத்தார், அது சரியாகவே இருந்தது.

நாள் முழுக்க ஊராருக்குக் கணக்கு எழுதுகிறவள், என் வாய்க்குள் போவதற்கு ஒருநாளும் கணக்கு எழுதியதில்லை. இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, சமையலறை ஜன்னலில் பேனாவோடு நூல் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு வாரம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது தட்டில் போட்டுச் சாப்பிட்டது உண்மையிலேயே கொஞ்சம்தான். மற்றது எல்லாம் தட்டுக்கு வெளியே. சின்னவன் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, பெரியவளின் டிபன் பாக்ஸில் திரும்பி வந்த தயிர் சாதம், சட்டியின் அடியில் ஒட்டிய பருப்பு, ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது மிஞ்சிய ஒரு கரண்டி உப்புமா. ஏழு நாளில் இப்படி 23 தடவை எழுதியிருந்தேன். பசி என்று எழுதியது அதில் இரண்டே தடவை.

சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டார்கள், ஆச்சியும் அப்படித்தான். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறவள்தான் வீட்டுக்காரி என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லித் தரவில்லை, பார்த்தே படித்துக்கொண்டோம். என் வயிறு குப்பைத்தொட்டி இல்லை என்பதை 41 வயதில் அந்த இருபது ரூபாய் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அன்று கொஞ்ச நேரம் அழுதேன். இப்போது பிள்ளைகளுக்கு முதலில் குறைவாக வைத்து, கேட்டால் திரும்ப வைக்கிறேன். மிஞ்சினால் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன், அப்படியும் மிஞ்சினால் தெருமுனை நாய்க்கு. இதைச் சொல்வது சுலபம், பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது. என் மாமியார் ஒருநாள் முகம் சுளித்தார்கள், அதையும் தாண்டித்தான் வந்தேன்.

அப்புறம் எண்ணெய். நான்கு பெரியவர்கள் அளவுக்குச் சாப்பிடுகிற வீட்டில் மாதம் 5 லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது, கடைச் சீட்டில் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குச் சமையல் எண்ணெய் 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள், காய்கறி 400 கிராம். எங்கள் வீட்டில் மொத்தப் பேருக்குமே அரைக் கிலோ காய்தான் நறுக்கிக்கொண்டிருந்தேன்! எண்ணெயை மூன்றரை லிட்டர் ஆக்கினேன். எப்படி என்றால், மாத ஆரம்பத்தில் மூன்றரை லிட்டரை அளந்து தனியாக வைத்துவிடுவது, தீர்ந்தால் வாங்குவதில்லை. முதல் மாதம் 24-ஆம் தேதியே தீர்ந்து, ஆறு நாள் இட்லியும் புட்டும் அவியலுமாக ஓடியது. யாரும் இளைத்துவிடவில்லை, சண்டையும் வரவில்லை.

அலுவலகத்தில் டீ ஒரு நாளைக்கு நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நாளைக்கு 40 கிராம், மாதத்துக்கு 1.2 கிலோ. இரண்டு டீ, அரை அரைச் சர்க்கரை என்று குறைத்தேன். மூன்று வாரம் டீ குடித்தது போலவே இருக்காது, நான்காவது வாரம் பழைய டீயைக் குடித்தால் பாகு போல இனிக்கும், நாக்கு அப்படி மாறும்.

சோற்றை நான் நிறுத்தவில்லை, அதை நிறுத்தச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. மூன்று கரண்டி ஒன்றரை ஆனது, அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் ஏறின, மதியம் ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் சேர்ந்தது. வாரம் இரண்டு நாள் கொள்ளு ரசமோ கொள்ளுத் துவையலோ. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழியே இருப்பதால் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது, ஆனால் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறையும், நாலு மணிக்கு வடைக் கடைப் பக்கம் கால் போகாது. எனக்கு அது போதும்.

கொழுப்பு கரைந்து எங்கே போகிறது என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? வியர்வையில் போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன், அதனால்தான் உடம்பைச் சூடாக்கும் மாத்திரை என்றதும் நம்பினேன். 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு குறைந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியே போகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராக. நாம் மூச்சு விடும்போதுதான் இளைக்கிறோம். இதைப் படித்த பிறகு நடக்கும்போது மூச்சு வாங்கினால் எனக்குக் கஷ்டமாகவே தெரிவதில்லை.

நடை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி. சுமார் ஆயிரம் அடி நீளம், 950 அடி அகலம் என்பார்கள், ஒரு சுற்று ஒன்றே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு சுற்றுக்கே 21 நிமிடம், முழங்கால் வலித்தது, படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். செருப்பை விட்டு ஷூ வாங்கிய பிறகு வலி பாதியானது. இப்போது மூன்று சுற்று, 43 நிமிடம், வாரம் ஐந்து நாள். விடியற்காலையில் மைய மண்டபத்தின் கோபுர நிழல் தண்ணீரில் விழுந்து அசையாமல் கிடக்கும், அந்த நேரத்துக்காகவே எழுந்திருக்கலாம். வாக்கிங் வருகிறவர்களைப் பிடித்து இலவசமாகக் கொழுப்பு அளவு பார்க்கிறோம் என்று மேஜை போடுகிறவர்கள் இருப்பார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர் கரைத்துக் குடி என்று முடிப்பார்கள், நான் கும்பிட்டுவிட்டு நடந்துவிடுவேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடப்பது இன்னொன்று, சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரையை அது அடக்கும். மூன்றாவது மாதத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், வாரம் மூன்று நாள்.

மாசியில் பத்தொன்பது நாள் எடை 77.8-லேயே நின்றது. அந்த நாட்களில்தான் மறுபடியும் அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். வாங்காமல் விட்டதற்குக் காரணம் சென்னையில் நடந்த ஒரு ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருடம் கவனித்து 2006-ல் வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது, சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 26.4 சதவீதம். அதுவும் எடையில் பெரிய மாற்றம் இல்லாமலேயே. நம்மைப் போல சோறும் இட்லியும் சாப்பிடுகிற ஊர்க்காரர்களிடம் கிடைத்த பலன் இது. தராசு நின்றாலும் உள்ளே ஏதோ நடக்கிறது என்று நம்பினேன், இடுப்பு நாடாவும் அதையே சொன்னது, எடை நின்ற அந்த நாட்களில் இடுப்பு 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

சித்திரைத் திருவிழாவில் ஒன்றே கால் கிலோ ஏறியது. அழகர் ஆற்றில் இறங்குகிற ஊரில் இருந்துகொண்டு வீட்டுக்கு வந்த சொந்தங்களோடு கறிச்சோறும் ஜிகர்தண்டாவும் சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன், எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். இரண்டரை வாரத்தில் அது இறங்கிவிட்டது.

இன்று ஆடி முதல் வாரம். எடை 75.2, இடுப்பு 94, மூன்று மாதச் சராசரி 5.8. எட்டு மாதத்தில் 7.4 கிலோ. அந்த டப்பா விளம்பரத்தில் ஒரே மாதத்தில் 8 கிலோ என்று போட்டிருந்தது. என் எண்ணைப் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத்தான் தெரியும், எனக்கு அதில் வருத்தம் இல்லை. இன்னும் 10 கிலோவாவது குறைய வேண்டும், அதற்கு ஒன்றரை வருடம் ஆனாலும் சரி. அம்மாவும் போன மாதத்திலிருந்து அரைச் சுற்று நடக்கிறார்கள், மீதி அரைச் சுற்றுக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

தங்கச்சி, நீ அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவதாகச் சித்தி சொன்னார்கள். ராத்திரி இங்கேயே தங்கு. வருவதற்குள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், ஒரு வாரம் நீ சாப்பிட்டதை எழுதிய காகிதத்தையும் எடுத்து வை, எதையும் குறைக்காதே, பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் விடாமல் எழுது. சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தெப்பக்குளம். செருப்பு வேண்டாம்டி, ஷூ போட்டு வா.